‘உங்களைப் பற்றி நாங்கள் அறிந்தவை’: ஒரு காணொளி ஆப்பின் டேட்டா பக்கத்தை நோண்டிப் பார்த்தேன்

காணொளி ஆப்களுக்கு விமர்சனம் எழுதுபவர்கள் படத்தின் தரம், விளம்பரத் தொல்லை, பேட்டரி தீரும் வேகம் என்று எழுதுவார்கள். நான் எழுதப் போவது அந்த ஆப்புக்குள் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையைப் பற்றி. செட்டிங்ஸில் தனியுரிமையைத் தொட்டு, அதற்குள் இன்னும் இரண்டு படி இறங்கினால் ‘உங்கள் ஆர்வங்கள்’ என்றொரு பக்கம் வரும். அதன் அடியில் சின்ன எழுத்தில் ‘உங்கள் தரவைப் பதிவிறக்குங்கள்’ என்று ஒரு சுட்டி இருக்கும். இந்த இரண்டையும்தான் இங்கே மதிப்பிடுகிறேன். ஆப்பின் பெயரைச் சொல்லவில்லை. மற்ற பெரிய ஆப்களிலும் ஏறக்குறைய இதே பக்கம்தான், நிறமும் எழுத்துருவும் மட்டும் மாறும்.

என் தொழில் சப்டைட்டில் எழுதுவது. பெரும்பாலும் ஆவணப்படங்கள். ஒரு வாரம் நீர்மூழ்கிக் கப்பல், அடுத்த வாரம் பாம்புக்கடி மருந்து, அதற்கடுத்து விவாகரத்து வழக்கு. டார்பிடோ அறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று தெரியாமல் அந்தக் காட்சிக்கு வசனம் எழுத முடியாது. அதற்காக நாலைந்து காணொளி பார்ப்பேன், பிடித்த இடத்தில் நிறுத்தி மறுபடி ஓட்டுவேன். ஆக, நான் பார்ப்பதில் பாதி எனக்காகப் பார்ப்பது இல்லை. ஆப்புக்கு இது தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. இந்தப் பக்கத்தைச் சோதித்துப் பார்க்க என் மாதிரி ஆள்தான் சரி என்று பட்டது.

பக்கத்தைத் திறந்ததும் முதல் இரண்டு வரி: வயது, 65க்கு மேல். பாலினம், ஆண். எனக்கு ஐம்பது ஆக இன்னும் காலம் இருக்கிறது, ஆணாக எப்போதும் இருந்ததில்லை. சரி, நீர்மூழ்கிக் கப்பலின் உபயம் என்று விட்டுவிட்டேன். அதற்குக் கீழே ஆர்வங்கள்: போர்க்கப்பல்கள், வேட்டைக் கருவிகள், கைக்குழந்தைப் பராமரிப்பு, ஊர்வன, உயில் எழுதுதல், தேனீ வளர்ப்பு, ‘வீடு மாறத் திட்டமிடுபவர்’. இந்தக் கடைசி ஒன்று எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். விவாகரத்துப் படமாகத்தான் இருக்க வேண்டும். விவாகரத்து ஆனால் வீடு மாறுவார்கள், வீடு மாறினால் சாமான் வாங்குவார்கள், அப்படியானால் சாமான் விளம்பரம் காட்டலாம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, அந்தக் கணக்கில் நான்தான் இல்லை.

எனக்கு உயிரான ஒரு விஷயம் உண்டு. பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்து, துடைத்து, திரும்ப மாட்டுவது. அது பட்டியலில் இல்லை. அதைச் செய்யும்போது நான் போனைத் தொடுவதே இல்லையே, எப்படி இருக்கும்?

இந்த மாதிரிப் பக்கம் ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் ஃபேஸ்புக் பயன்படுத்துபவர்களிடம் ப்யூ ஆய்வு மையம் கேட்டு 2019இல் வெளியிட்டது: தங்களைப் பற்றி இப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது என்றவர்கள் 74 சதவீதம். பட்டியலைக் காட்டியதும் அசௌகரியமாக இருக்கிறது என்றவர்கள் 51 சதவீதம். என்னை நிறுத்தியது வேறொரு எண். பட்டியல் தங்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று 59 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள், பொருந்தவில்லை என்றவர்கள் 27 சதவீதம்தான். நான் அந்தச் சிறுபான்மையில் ஒருத்தி. ஆகவே ‘இந்த அல்காரிதத்துக்கு ஒன்றும் தெரியாது’ என்று மட்டும் எழுதினால் நியாயமாக இருக்காது. பலருக்கு அது தெரிந்துதான் வைத்திருக்கிறது. லைக்குகளை மட்டும் வைத்து எவ்வளவு கண்டுபிடிக்கலாம் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 58,000 தன்னார்வலர்களின் தரவை எடுத்து 2013இல் காட்டினார்கள். ஓர் ஆண் தன்பாலின ஈர்ப்புள்ளவரா இல்லையா என்பதை 88 சதவீதம் சரியாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது. வீட்டில்கூடச் சொல்லாத விஷயம் ஒன்று, லைக் போட்ட பக்கங்களின் வழியாக வெளியே வந்துவிடுகிறது.

என் விஷயத்தில் நடந்தது அவ்வளவு கனமானது இல்லை. துணையை இழந்தவர்களைப் பற்றிய ஓர் ஆவணப்படம் கைக்கு வந்தது. துக்க ஆலோசகர்கள் பேசும் தொனி பிடிபட வேண்டுமே என்று அந்த மாதிரிப் பேச்சுகளாகத் தேடித் தேடிக் கேட்டேன். வேலை முடிந்தது, படம் போய்விட்டது. ஆப் மட்டும் விடவில்லை. ஏதோ தேடுவதற்காக என் போனை வாங்கிய தங்கை, முகப்பைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். ‘கணவர் போன பிறகு முதல் வருடம்’, ‘தனியாக உறங்கப் பழகுவது எப்படி’, ‘உயில் எழுதாமல் இறந்தால் சொத்து யாருக்கு’ என்று வரிசையாக.

“அக்கா, மாமா நல்லாத்தானே இருக்காரு?”

“உள்ளேதான் இருக்கார், வேணும்னா கூப்பிட்டுப் பாரு.”

“இல்ல, நீ எதையோ மறைக்கிற. உயில் வரைக்கும் போயிருக்கு.”

அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விஷயம் காதில் விழுந்ததிலிருந்து என் கணவர் அவ்வப்போது அறைக்குள் தலையை நீட்டி ‘இன்னும் இருக்கேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்கு அப்படி ஒன்றும் நேரவில்லை, அதனால் சிரித்துவிட்டோம். உண்மையிலேயே அப்படி நேர்ந்த ஒருவரின் கையில் அதே முகப்பு இருந்தால்? அங்கே கணிப்பு நூற்றுக்கு நூறு சரி. சரியாக இருப்பதுதான் அங்கே கொடுமை. அழுகை வந்து நாலு காணொளி பார்த்தவருக்கு, அடுத்து நாற்பது வருகிறது. பார்க்கிறாரா, பார்க்கிறார். எவ்வளவு நேரம், நிறைய நேரம். அப்படியானால் இவருக்கு இது பிடித்திருக்கிறது என்று முடிவாகிறது. யூடியூப் 2012இல் எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்க ஆரம்பித்தது. ஏமாற்றுத் தலைப்பு வைப்பவர்களை ஒடுக்க அது நல்ல வழிதான். ஆனால் ஒருவர் ஒரு காணொளியைவிட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருப்பதற்கும் அதை ரசித்துப் பார்ப்பதற்கும் கடிகாரத்தில் வித்தியாசம் தெரியாது.

2018 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட்டில் வேலை பார்த்த ஒரு பெண் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அவருக்குக் குழந்தை இறந்து பிறந்திருந்தது. அதற்குப் பிறகும் தாய்மை விளம்பரங்கள் நிற்கவில்லை. ‘இந்த விளம்பரம் வேண்டாம்’ என்று அழுத்தினார். ஏன் என்று கேட்டது. ‘எனக்குப் பொருந்தாது’ என்றார். அதை வைத்து ஆப் என்ன முடிவு செய்தது தெரியுமா? சரி, குழந்தை பிறந்துவிட்டது, இனி பாலூட்டும் உள்ளாடை விளம்பரம் காட்டலாம் என்று. நான் கர்ப்பிணி என்று உங்களுக்குத் தெரிந்தபோது என் குழந்தை இறந்ததும் தெரிந்திருக்க வேண்டாமா என்பது அவர் கேள்வி. இந்த வசதியை மதிப்பிடும்போது என் மனதில் இருந்த அளவுகோலும் அதுதான். தப்பாக ஊகிக்கட்டும், பரவாயில்லை. மனிதர்களும் அப்படித்தான் ஊகிக்கிறார்கள், தங்கை ஊகிக்கவில்லையா? அவளிடம் ‘இல்லை’ என்றேன், ஒரு வழியாக நம்பினாள். ஆப்பிடம் ‘இல்லை’ என்று சொன்னால் அது என்ன செய்கிறது?

அதைத்தான் சோதித்தேன். பட்டியலில் ஒவ்வொரு ஆர்வத்துக்கும் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அழுத்தினால் ‘இனி இதைக் கருத்தில் கொள்ள மாட்டோம்’ என்று பணிவாக ஒரு வரி வரும். வேட்டைக் கருவிகளை நீக்கினேன், வீடு மாறுவதை நீக்கினேன், உயிலை நீக்கினேன். முகப்பில் ‘ஆர்வமில்லை’ பொத்தானையும் தட்டிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நாளில் உயில் போய் ‘ஓய்வூதியத் திட்டமிடல்’ வந்தது. வேட்டைக் கருவிகள் போய் ‘வெளிப்புறச் சாகசங்கள்’. பெயர்ப்பலகையை மாற்றி அதே கடையைத் திறந்த மாதிரிதான்.

இது என் ஒருத்தியின் அனுபவம் என்று சொல்லிவிட முடியாதபடி மொஸில்லா அறக்கட்டளை 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறது. யூடியூப் பயன்படுத்தும் 20,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் தரவு. வேண்டாம் என்று சொல்லும் பொத்தான்களை அழுத்திய பிறகு, அதே வகைப் பரிந்துரைகள் எவ்வளவு குறைந்தன என்று கணக்கிட்டார்கள். ‘ஆர்வமில்லை’ பொத்தான் தடுத்தது 11 சதவீதம். டிஸ்லைக் 12. பார்த்த வரலாற்றிலிருந்து நீக்கினால் 29. ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே’ என்பதுதான் இருப்பதில் உருப்படி, அதுவும் 43 சதவீதம்தான். அதைப் படித்ததிலிருந்து நான் ‘ஆர்வமில்லை’ பொத்தானைத் தொடுவதில்லை, நேராகச் சேனலையே தடுத்துவிடுகிறேன். இதைப் படிப்பவர்களும் அப்படியே செய்யுங்கள்.

ஏன் இப்படி? நமக்குக் காட்டுகிற பட்டியல் வேறு, உள்ளே வேலை செய்வது வேறு. பட்டியல் பெரும்பாலும் விளம்பரதாரருக்கானது. ‘தேனீ வளர்ப்பு’ என்று பெயர் இருந்தால்தான் அவர் காசு கொடுத்து வாங்க முடியும். காணொளியைத் தேர்ந்தெடுக்கும் பகுதிக்கு இந்தப் பெயர்கள் தேவையே இல்லை. அதற்கு நான் ஓர் எண் வரிசை. என்னைப் போன்ற எண் வரிசை உள்ளவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று முதலில் ஒரு கூட்டத்தைப் பொறுக்கி, அப்புறம் அதைத் தரம் பிரித்து மேலே வருவதைக் காட்டுகிறது. யூடியூப்பின் பொறியாளர்களே 2016இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த இரண்டு கட்ட முறையை விவரித்திருக்கிறார்கள். அந்த எண்களில் எதற்கும் ‘விதவை’ என்றோ ‘மாலுமி’ என்றோ பெயர் இல்லை. பெயர் இல்லாததை எந்தப் பெருக்கல் குறியைப் போட்டு நீக்குவது? ஆகவே பட்டியலைத் திருத்தியதும் நம்மையே திருத்திவிட்டதாக நினைப்பது வீண் திருப்தி.

அடுத்து பதிவிறக்கம். இதில் ஆப்புக்குப் பாராட்டும் உண்டு. கேட்டதும் காக்க வைக்காமல் ஒரு சில நாட்களில் மின்னஞ்சலில் சுட்டி வந்துவிட்டது. ஒரு பெரிய ஜிப் கோப்பு. உள்ளே பார்த்தவை, தேடியவை, எழுதிய கருத்துகள், எந்தக் கருவியிலிருந்து எப்போது உள்ளே வந்தேன், எல்லாம் தேதி நேரத்தோடு. கொஞ்சம் படிக்கிற மாதிரி ஹெச்டிஎம்எல், மீதி எல்லாம் ஜேசான், அதாவது கணினி நிரல்கள் படிப்பதற்கான வடிவம். சாதாரண ஆள் ஜேசான் கோப்பைத் திறந்தால் அடைப்புக்குறிகளின் காடு. எனக்கு சப்டைட்டில் கோப்புகளின் நேரக் குறிகளோடு மாரடித்த பழக்கம் இருப்பதால் தாக்குப்பிடித்தேன்.

அதில் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். நள்ளிரவு தாண்டி ‘குழந்தைக்கு மூச்சுத் திணறல் சத்தம்’ என்று ஒரு தேடல், உடனே மறுபடியும், பிறகு வார்த்தையை மாற்றி இன்னொன்று. பிரசவ வார்டு படத்துக்காகத் தேடியது. வசனத்தில் அந்தச் சத்தத்தை எப்படி எழுத்தில் குறிப்பது என்று குழம்பிக்கொண்டிருந்த இரவு. தெரியாத யாராவது இந்தக் கோப்பைப் படித்தால் அந்த வரிகளில் பதறிப்போன ஒரு தாயைத்தான் பார்ப்பார்கள். நானே ஒரு நொடி அப்படித்தான் படித்தேன். கோப்பில் ஒரு பொய் கிடையாது. நான் தேடியவைதான், தேடிய நேரம்தான். எதற்காக என்பது மட்டும் எங்கும் பதிவாகவில்லை.

சரி, ஜிப்பில் எது இல்லை? ‘65க்கு மேல், ஆண்’ என்று எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பது இல்லை. எந்தக் கூட்டத்தோடு என்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது இல்லை. அந்த எண் வரிசையும் இல்லை. நான் கொடுத்ததை எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், அதிலிருந்து அவர்கள் செய்துகொண்டதைத் தரவில்லை. இது தற்செயலாக நடந்தது என்று நான் நினைக்கவில்லை. இந்தப் பதிவிறக்க வசதிகள் பரவலாக வரக் காரணமாக இருந்தவற்றில் முக்கியமானது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2018 மே 25 முதல் நடைமுறையில் இருப்பது. அதில் தரவை எடுத்துச்செல்லும் உரிமை 20ஆம் பிரிவு. ‘நீங்கள் வழங்கிய தரவு’ என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. நிறுவனம் தானாக ஊகித்தது அதில் சேராது என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகளின் குழு 2017இல் கொடுத்த வழிகாட்டுதலிலேயே தெளிவாக இருக்கிறது. ஊகங்களையும் பார்க்க வேண்டுமென்றால் 15ஆம் பிரிவின் கீழ் தனியாகக் கேட்கலாம், தவறைத் திருத்தச் சொல்ல 16ஆம் பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்காவது அந்த வழி உண்டு. பொத்தானாக அமைத்துக் கொடுத்திருப்பது சுலபமானதை மட்டும்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். என் வயதையும் பாலினத்தையும் எதை வைத்து முடிவு செய்தீர்கள், எப்படித் திருத்துவது என்று இரண்டே கேள்வி. பதில் வந்தது. உங்கள் தனியுரிமை எங்களுக்கு முக்கியம் என்று ஆரம்பித்து, நான் எந்தப் பக்கத்தைப் பற்றிப் புகார் சொன்னேனோ அதே பக்கத்துக்கு ஒரு சுட்டி கொடுத்து முடித்திருந்தார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்தலாக இருப்பது என்னிடமே வந்த ஒரு பழக்கம். இந்தப் பட்டியலைப் பார்த்ததிலிருந்து எதையாவது தொடும் முன் விரல் ஒரு கணம் தயங்குகிறது. ஒரு கொலை வழக்கைப் பற்றிய பேச்சு கண்ணில் பட்டது, கேட்க ஆசைதான். கேட்டால் நாளையிலிருந்து முகப்பு முழுக்கப் பிணமாக இருக்குமே என்று தள்ளிவிட்டேன். கடிகாரக் காணொளிகளைத் தேவையில்லாமல் ஓடவிட்டு வைக்கிறேன், ‘நான் இப்படிப்பட்டவள்’ என்று அதற்குப் புரியட்டும் என்று. யாருக்கு நிரூபிக்கிறேன் இதை? மனிதர்களை வகை பிரித்துப் பெயர் வைத்தால் அந்தப் பெயருக்கு ஏற்பவோ எதிராகவோ அவர்கள் மாறுவார்கள், அவர்கள் மாறியதால் வகையும் மாறும் என்று கனடாவைச் சேர்ந்த தத்துவ அறிஞர் இயன் ஹேக்கிங் எழுதியிருக்கிறார். அவர் பேசியது மனநோய் வகைப்பாடுகள் போன்றவற்றைப் பற்றி. அங்கே அந்தச் சுழற்சிக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். இங்கே ஒரு சாயங்காலம் போதும். தப்பான பட்டியலைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பட்டியலுக்குப் பயந்து என் ஆர்வத்தைச் சுருக்கிக்கொள்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆர்வம் என்பதே தெரியாத ஒன்றைத் தொட்டுப் பார்ப்பதுதானே.

சரி, மதிப்பெண். ‘உங்கள் ஆர்வங்கள்’ பக்கத்துக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறதே என்பதற்காக. பதிவிறக்கத்துக்கு மூன்று. வேகமாக வருகிறது, நான் கொடுத்ததை முழுமையாகத் தருகிறது, ஆனால் அது பாதிக் கதைதான். பார்த்த வரலாற்றை மொத்தமாக அணைத்துவைக்கும் வசதியும் இருக்கிறது, அதற்கு நாலு. அணைத்ததும் முகப்பு வெறிச்சென்று ஆகி, ‘வரலாற்றை இயக்கினால் உங்களுக்கேற்ற காணொளிகள் வரும்’ என்று கெஞ்சுகிறது. முதலில் சங்கடமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. எதைப் பார்க்க வேண்டும் என்று நானே தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால் பாதி நேரம் வேறு வேலைக்குப் போய்விடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தில் 38ஆம் பிரிவு, அங்கே மாதம் 4.5 கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ள பெரிய தளங்கள், ஆளை அளந்து பரிந்துரைக்காத ஒரு தேர்வையாவது தர வேண்டும் என்கிறது. பெரிய தளங்களுக்கு இது 2023லிருந்து கட்டாயம். உங்கள் ஆப்பிலும் அது எங்காவது இருக்கலாம், செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள். முன்னால் வைத்திருக்க மாட்டார்கள்.

வேலைக்காகப் பார்ப்பவர்கள், அதாவது என்னைப் போல எழுதுபவர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள், வழக்கறிஞர்கள், இரண்டு கணக்கு வைத்துக்கொள்வது உத்தமம். ஒரே போனை வீட்டில் எல்லோரும் எடுப்பதாக இருந்தால் இன்னும் அவசியம். கடைசியாக ஒன்று: அந்த ஜிப் கோப்பைப் படித்து முடித்ததும் அழித்துவிடுங்கள். என்னுடையதற்குக் கடவுச்சொல் எதுவும் இல்லை, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடந்தது. அலுவலகக் கணினியில் தப்பித்தவறியும் இறக்கிவிடாதீர்கள்.